ஊர்ச் சுவரில் பதிந்த போர்க்கல்லைச் சீர்செய்வது எப்படி?

வட ஆர்க்காட்டு ஊர்கள் பலவற்றில், பழைய பள்ளிக்கூடச் சுவரிலோ சாவடியிலோ ஒரு சலவைக்கல் பதிந்திருக்கும்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் போனவர்கள் 277, மாண்டவர்கள் 14. பெயர் ஒன்றுகூட இராது. ஆகவே வேலை இரண்டு: கல்லைக் காப்பது, பெயர்களைத் தேடுவது. இரண்டையும் ஒரே கல்லில் செய்யப் போய்த்தான் பல ஊர்களில் கெடுகிறது.

சுவர் யாருடையதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிறகு இருட்டியதும் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறைய சுவரோடு ஒட்டிப் பிடித்து, நான்கு பக்கமிருந்தும் படமெடுங்கள். பகலில் 3 என்று தெரிவது, நிழல் விழுந்ததும் இடப்பக்கக் கீறலும் சேர்ந்து 8 ஆகலாம். தெளியாத எண்ணை ஊகித்து எழுதவே கூடாது.

ஆசிட் வேண்டாம். தரைக்குப் போடுவதுதானே என்பார்கள். சலவைக்கல் சுண்ணாம்புச் சத்து, ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும், எழுத்தின் விளிம்புதான் முதலில் போகும். கம்பி பிரஷ்ஷும் அப்படியே. நல்ல தண்ணீர், மென்மையான நைலான் பிரஷ், மூங்கில் சிம்பு போதும். வெள்ளையடித்த பூச்சை நனைத்து, சிம்பால் மெல்லப் பெயர்க்கலாம். எதையும் முதலில் ஒரு மூலையில், 2 அங்குலத்தில் செய்து பாருங்கள்.

விளக்கேற்றிக் கும்பிட்ட கல்லில் எண்ணெய் இறங்கியிருக்கும். சாக்பீஸ் தூளை அசிட்டோனில் வடை மாவுப் பதத்துக்குக் குழைத்து அரை அங்குலம் அப்பி, பாலிதீனால் 24 மணி நேரம் மூடுங்கள். பிறகு திறந்து காயவிடுங்கள். காயும்போதுதான் எண்ணெய் மேலே ஏறும். இரண்டு மூன்று தடவை வேண்டியிருக்கும். அசிட்டோன் தீப்பிடிக்கும், அன்றைக்கு விளக்கு வேண்டாம்.

கல்லின் ஓரத்தில் சிமென்ட் பூசாதீர்கள். ஈரம் போக வழியின்றி உப்பு பூத்து, கல்லின் விளிம்பு உதிரும். நீற்றிய சுண்ணாம்பு 1, சலித்த ஆற்று மணல் 3 போதும். இடுக்கை நனைத்து அழுத்திப் பூசி, ஈரச் சாக்கால் ஏழு நாள் மூடுங்கள். சித்திரை வெயிலில் வெடிக்கும். மார்கழி, தை நல்லது.

இனி பெயர்கள். 4-8-1914 முதல் 31-8-1921 வரை இறந்தவர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் இலவசமாகத் தேடலாம். ஊரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் பலவிதமாக இருக்கும். முதல் நாலைந்து எழுத்தோடு நிறுத்தித் தேடுங்கள். கர்நாடிக் காலாட்படை, பயனியர் (பாதை போடும் படை), மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) ஆகிய படைப்பிரிவுகளைத் தனித்தனியே பாருங்கள். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு: திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டம், சித்தூர் மாவட்டமே 1911இல் உருவானது. வட ஆர்க்காடு, சித்தூர் என்ற இரண்டு மாவட்டப் பெயரிலும் தேடாவிட்டால் பாதிப்பேர் தப்பிவிடுவார்கள்.

உயிரோடு திரும்பியவர்கள் அந்தப் பதிவில் இல்லை. அவர்களுக்கு வீட்டுப் பரணில் கிடக்கும் பதக்கம்தான் சாட்சி. விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் படியுங்கள். புளி போட்டுத் தேய்த்தால் அந்த எழுத்துதான் முதலில் தேயும்.

கிடைத்த பெயர்களைப் பழைய கல்லில் வெட்டாமல், கீழே தனிக் கருங்கல்லில் தகப்பன் பெயரோடு அகர வரிசையில் பொறியுங்கள். பதவி வரிசை வேண்டாம். அடியில் கால்பங்கு இடம் வெறுமையாக இருக்கட்டும். கல் நட்ட மறுவாரமே யாராவது ஒரு பதக்கத்தோடு வருவார்கள்.