ஆணுறுப்பு இம்ப்ளான்ட் அறுவைக்குப் பிறகு: கிருமி அண்டாமல் ஆறு வாரத்தைக் கடப்பது எப்படி?

எலும்பு வார்டில் கட்டு மாற்றிக்கொண்டிருந்த காலத்தில், மூட்டு மாற்றியவர்கள் நான் கேட்பதற்கு முன்பே போர்வையை விலக்கித் தையலைக் காட்டிவிடுவார்கள். சிறுநீரகவியல் வார்டுக்கு மாறிய பிறகு கதை வேறு. விறைப்புக் குறைபாட்டுக்காக ஆணுறுப்புக்குள் இம்ப்ளான்ட், அதாவது ஒரு செயற்கைக் கருவி, வைத்துக்கொண்டவர் கதவைப் பார்ப்பார், பக்கத்துக் கட்டிலைப் பார்ப்பார், பிறகுதான் போர்வைக்குக் கை போகும். வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கூச்சம் கூடவே போகிறது. சிவந்திருப்பது தெரியும், நோவது தெரியும், ஆனாலும் போன் வராது. இந்த அறுவையில் தொற்று அதிகம் வருவதில்லை. வந்துவிட்டாலோ மாத்திரையோடு தீர்வது அபூர்வம். அதனால் இதைக் கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

உங்கள் டாக்டர் கையில் கொடுத்த தாளில் வேறு மாதிரி சொல்லியிருந்தால், அந்தத் தாளைத்தான் பின்பற்ற வேண்டும். உங்களுக்கு எங்கே கீறினார்கள், உள்ளே என்ன வைத்தார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

முதலில், உள்ளே இருப்பது என்ன?

மூன்று பாகம் கொண்ட இம்ப்ளான்ட் என்றால், ஆணுறுப்புக்குள் இரண்டு சிலிண்டர், விதைப்பைக்குள் ஒரு சின்ன பம்ப், அடிவயிற்றில் உப்புநீர் நிரப்பிய ஒரு பை. மூன்றையும் மெல்லிய குழாய்கள் இணைக்கும். பம்பை அழுத்தினால் நீர் சிலிண்டருக்குப் போய் உறுப்பு விறைக்கும், அதிலுள்ள விடுவிக்கும் பொத்தானை அழுத்தினால் நீர் பைக்குத் திரும்பும். இந்த ஊதும் வகை 1973-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. வளைத்து நிமிர்த்தும் வகையில் இரண்டு தண்டுகள் மட்டும்தான்.

உடம்பின் சதைக்குள் கிருமி புகுந்தால் ரத்தம் வழியே வெள்ளையணுக்கள் வந்து அதைத் தின்றுவிடும். கருவியின் சிலிகோனில் ரத்தம் ஓடாது. அங்கே ஒட்டிக்கொண்ட கிருமி தன்னைச் சுற்றிப் பசை போல ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கிறது. அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாடிக் சரியாக இறங்காது. தொட்டியின் உள்சுவரில் வழுவழுப்பாகப் பிடிக்கிற பாசியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது போகாது, தேய்த்தால்தான் போகும். உள்ளே இருக்கிற கருவியைத் தேய்க்க முடியாது, எடுக்கத்தான் வேண்டும்.

இதைத் தடுக்கத்தான் 2001 முதல் ரிஃபாம்பிசின், மினோசைக்ளின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக் பூசிய கருவிகள் வந்தன. மருந்துக் கரைசலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பூச்சு கொண்டவையும் உண்டு. இவை வந்த பிறகு, முதல் முறை வைப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்குத்தான் தொற்று வருகிறது. பழையதை எடுத்துவிட்டுப் புதிது வைப்பவர்களுக்கு ஆபத்து அதைவிடக் கூடுதல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான தொற்றுகளில் கிருமி நுழைவது அறுவை மேஜையில்தான், அதுவும் பல சமயம் நம் தோலிலேயே குடியிருக்கும் கிருமி. அதனால் எல்லாப் பழியையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்கள் கையில் இருப்பவை: போவதற்கு முன் உடம்பைத் தயார் செய்வது, வந்த பிறகு புண் மூடும்வரை காப்பது, ஏதாவது சரியில்லை என்றால் தாமதிக்காமல் சொல்வது.

படி 1: அறுவைக்கு முன்

சர்க்கரை நோய் இருந்தால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை எடுப்பார்கள். அது ஏறியிருந்தால் அறுவையைத் தள்ளிப்போடுவார்கள், கோபப்படாதீர்கள். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள் (டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை) எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அறுவைக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அவை பிறப்புறுப்பில் பூஞ்சை வளரவும் வழி செய்பவை என்பதால், மறுபடி எப்போது தொடங்கலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புகையை நிறுத்துங்கள். தோலுக்குப் போகிற ரத்தத்தை அது குறைக்கும், புண் ஆறுவது தள்ளிப்போகும்.

தொடை இடுக்கில் அரிப்பு, படை, கொப்புளம் எது இருந்தாலும் மறைக்காமல் காட்டுங்கள். சிறுநீரில் தொற்று இருந்தால் முதலில் அதை ஆற்ற வேண்டும். சில நாள் முன்பிருந்தே குளோர்ஹெக்சிடின் சோப்பால் குளிக்கச் சொல்வார்கள். அது முகத்துக்கும் கண்ணுக்கும் காதுக்கும் ஆகாது.

முக்கியமாக, வீட்டில் ரேசர் எடுக்காதீர்கள். 'சுத்தமா போகணும்ல' என்று முந்தின இரவு மழித்துக்கொண்டு வருபவர்கள் நிறைய. விதைப்பைத் தோல் சுருக்கமானது, ரேசர் பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் பத்தாவது விழும். ஒவ்வொரு கீறலும் கிருமிக்கு வீடு. முடியை எடுக்கும் வேலையை ஆஸ்பத்திரியில் விட்டுவிடுங்கள்.

படி 2: குழாய்களோடு இருக்கும் நாட்கள்

கண் விழிக்கும்போது சிறுநீர்க் குழாய் இருக்கும், பெரும்பாலும் மறுநாள் எடுத்துவிடுவார்கள். கசியும் ரத்தத்தை வெளியேற்ற ஒரு டிரெயின் குழாயும் இருக்கலாம். இரண்டையும் இழுக்காதீர்கள், திருகாதீர்கள். சிறுநீர்ப் பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் கிடக்கக் கூடாது. நடக்கும்போது பையை மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தால் உள்ளே இருப்பது திரும்பி ஓடும்.

படி 3: கை

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கட்டைத் தொடுவதற்கு முன்பும் பின்பும் சோப்பு போட்டு இருபது விநாடி தேய்த்துக் கழுவுங்கள். விரல் இடுக்கு, கட்டைவிரலின் அடி, நகக்கண் மூன்றையும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கழுவிய கையால் போனை எடுத்துவிட்டால் மறுபடி கழுவ வேண்டியதுதான். மனைவி உதவுகிறார் என்றால் அவருக்கும் இதே விதி.

படி 4: கட்டு மாற்றுவது

கீறல் பொதுவாக இரண்டில் ஓரிடத்தில் இருக்கும்: ஆணுறுப்பும் விதைப்பையும் சேரும் மடிப்பில், அல்லது ஆணுறுப்புக்கு மேலே அடிவயிற்றில். மடிப்பில் இருந்தால் வியர்வைத் தொல்லை அதிகம்.

முதலில் சாமான்களை எல்லாம் பிரித்து ஒரு சுத்தமான துணியில் பரப்பிக்கொள்ளுங்கள்: புதிய காஸ், பிளாஸ்டர், பழையதைப் போட ஒரு பை. பாதியில் எழுந்து போகும்படி இருக்கக் கூடாது. பழைய கட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். டாக்டர் தந்த உப்புநீரைச் சொட்டி ஊறவிடுங்கள், தானாக இளகும். எடுத்ததும் கட்டில் என்ன படிந்திருக்கிறது என்று பாருங்கள். வெளிர்ச்சிவப்பாக நீர்த்த கறை முதல் சில நாள் இருக்கும். மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாக இருந்தால், நாறினால், அன்றைக்கே போன்.

பிறகு கையை மறுபடி கழுவிவிட்டுத்தான் புதிய கட்டு. காஸை ஓரத்தில் பிடியுங்கள். புண்ணின் மேல் படும் நடுப்பகுதியைத் தொடாதீர்கள். சிறுநீர் பட்டு நனைந்துவிட்டால் அடுத்த வேளைவரை காத்திருக்காமல் உடனே மாற்றுங்கள்.

தையல் பெரும்பாலும் தானே கரைகிற நூல். நுனி வெளியே நீட்டிக்கொண்டு உள்ளாடையில் உரசும். கத்தரிக்கத் தோன்றும். வேண்டாம்.

படி 5: குளியல்

ஷவரிலோ மொண்டு ஊற்றியோ எப்போது குளிக்கலாம் என்பது டாக்டருக்கு டாக்டர் மாறும். பலர் இரண்டு நாளில் அனுமதிப்பார்கள். தண்ணீர் மேலிருந்து வழிந்து ஓடட்டும், புண்ணின் மேல் நேராகப் பீய்ச்ச வேண்டாம். தொட்டியில் அமர்ந்து குளிப்பது, நீச்சல்குளம், ஆறு, கடல் எல்லாவற்றுக்கும் புண் முழுதும் மூடி டாக்டர் சொல்லும்வரை தடை. ஈரத்தைச் சுத்தமான துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். அந்தத் துண்டு உங்களுக்கு மட்டும்.

இந்த இடத்தில் ஒரு பெரியவரைச் சொல்லியாக வேண்டும். பத்தாம் நாள் வந்தார். கட்டைப் பிரித்தால் தையல் நெடுக வெள்ளைப் பொருக்கு. வியர்வையில் ஊறி மாவு மாதிரி இறுகிப்போன பவுடர். "காஞ்சு இருக்கட்டும்னுதான் தம்பி போட்டேன்" என்றார். "ஐயா, இது காயவிடலை, ஈரத்தை உள்ள பூட்டி வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு உப்புநீரால் அரை மணி நேரம் ஊறவைத்து எடுத்தேன். நல்லவேளை, அடியில் தோல் நன்றாக இருந்தது. பவுடர், எண்ணெய், வீட்டு மருந்து, யாரோ மிச்சம் வைத்த களிம்பு எதுவும் புண்ணின் மேல் போகக் கூடாது.

படி 6: ரத்தம் தேங்காமல் பார்த்துக்கொள்வது

தொற்றுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். விதைப்பைக்குள் தேங்கிய ரத்தம் கிருமிக்குச் சமைத்து வைத்த சாப்பாடு. அதனால் வீக்கத்தைக் குறைப்பதும் தொற்றைத் தடுப்பதும் ஒரே வேலைதான்.

விதைப்பையைத் தாங்கும் இறுக்கமான உள்ளாடை அணியுங்கள், தினமும் துவைத்துக் காய்ந்தது. டாக்டர் சொல்லியிருந்தால் ஆணுறுப்பை வயிற்றை நோக்கி மேலே வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது நிமிடம், நேராகத் தோலில் வைக்கக் கூடாது. நான்கு முதல் ஆறு வாரம் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாமாகத் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. முன்தோல் உள்ளவர்கள், சுத்தம் செய்யப் பின்னால் தள்ளினால் மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

மலச்சிக்கலும் இதில் சேரும். வலி மாத்திரைகளில் சில குடலை மந்தமாக்கும், முக்கினால் கீறலுக்கு அழுத்தம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், தேவைப்பட்டால் மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். கழுவும்போதும் துடைக்கும்போதும் கை பின்பக்கமாகவே போகட்டும், விதைப்பையை நோக்கி வர வேண்டாம்.

படி 7: மாத்திரை

ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்திருந்தால் சொன்ன நாள்வரை, சொன்ன வேளையில். எழுதித் தரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். கீறுவதற்கு முன்பே ஊசியில் கொடுத்திருப்பார்கள், முக்கியமானது அதுதான். நீங்களாக மருந்துக்கடையில் வாங்கிப் போடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. அரைகுறை மருந்து காய்ச்சலையும் சிவப்பையும் சில நாள் மறைக்கும், சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினால் எந்தக் கிருமி என்றே தெரியாமல் போகும், உள்ளே படலம் வளர்ந்துகொண்டே இருக்கும்.

படி 8: பம்ப்

புது பொம்மை மாதிரி அடிக்கடி அழுத்திப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து வரச்சொல்லி, அழுத்தவும் விடுவிக்கவும் அவர்களே கற்றுத்தருவார்கள். உடலுறவும் சுயஇன்பமும் அதற்குப் பிறகே. பம்ப் மேலே ஏறிவிடாமல் இருக்கத் தினமும் மெதுவாகக் கீழே இழுத்துவிடச் சொல்லியிருந்தால் மட்டும், கழுவிய கையால் செய்யுங்கள்.

படி 9: தினமும் ஒரு பார்வை

ஒரே வேளை, ஒரே வெளிச்சம், கையில் ஒரு கண்ணாடி. வெட்கப்படாமல் போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். 'நேற்றைவிடச் சிவப்பா?' என்ற கேள்விக்கு ஞாபகம் பதில் சொல்லாது, படம் சொல்லும்.

கருநீலமாகக் கன்றியிருப்பது, விதைப்பை வீங்கியிருப்பது, உட்காரும்போது வலிப்பது எல்லாம் முதல் இரண்டு வாரம் இருக்கும். கன்றல் தொடைவரை இறங்கினாலும் மிரள வேண்டாம், மெல்லப் பச்சையாகி மஞ்சளாகி மறையும். எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கவனியுங்கள். நாளுக்கு நாள் குறைந்தால் நல்லது. குறைந்துகொண்டு வந்த வலி திரும்ப ஏறினால் அது செய்தி.

உடனே சொல்ல வேண்டியவை: 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், பரவும் சிவப்பு, சூடு, சீழ், தையல் விரிவது, உள்ளிருக்கும் கருவி கண்ணுக்குத் தெரிவது, சிறுநீர் வராமல் அடைப்பது. பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்கும் என்பதால் மாத்திரை போடுவதற்கு முன் தெர்மாமீட்டர் வையுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. வீக்கம் வடிந்த பிறகு பம்பின் மேல் விதைப்பைத் தோல் தளர்வாக நகர வேண்டும். தோல் பம்போடு ஒட்டிக்கொண்டு, இழுத்தால் சேர்ந்தே வந்தால் உள்ளே கிருமி இருக்கலாம். சில கிருமிகள் காய்ச்சலே காட்டாது, சீழும் வராது. வாரக்கணக்கில் போகாத வலியும் இந்த ஒட்டுதலும் மட்டும்தான் அடையாளம்.

படி 10: போனில் என்ன சொல்வது?

வார்த்தை வராமல் தடுமாறுபவர்களுக்கு, அப்படியே படிக்கலாம்: "இந்தத் தேதியில் எனக்கு ஆணுறுப்பு இம்ப்ளான்ட் வைத்தார்கள். இத்தனை நாளாக இந்த இடத்தில் வலி. காய்ச்சல் இவ்வளவு. கட்டுத்துணியில் இப்படிக் கறை. சர்க்கரை இவ்வளவு. இன்றைக்கே பார்க்க வேண்டும்." 'கீழே கொஞ்சம் பிரச்சினை' என்று ஆரம்பித்தால் எதிர்முனையில் இருப்பவருக்கு அவசரம் புரியாது, அடுத்த வாரம் வரச் சொல்லிவிடுவார்.

சீக்கிரம் போனால் என்ன லாபம்? உடம்பெல்லாம் பரவாத நிலையில், கருவியை எடுத்து, உள்ளே பல கரைசல்களால் அலசி, அதே அறுவையில் புதிது வைத்துவிட முடிகிறது. பொருத்தமானவர்களில் பெரும்பாலோருக்கு அது பலிக்கிறது. தாமதமானால் எடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். அதற்குள் உள்ளே தழும்பு இறுகி ஆணுறுப்பு சுருங்கும், மறுபடி வைப்பது கடினம்.

ஆறு வாரத்துக்குப் பிறகு

தொற்றுகளில் பெரும்பகுதி முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிடும், ஒரு வருடம் தாண்டி வருவது அரிது. ஆனாலும் வேறு இடத்துக் கிருமி ரத்தம் வழியே வந்து சேர முடியும் என்பதால், சிறுநீர் எரிச்சல், காலில் ஆறாத புண், பல்லில் சீழ் இவற்றை வளரவிடாதீர்கள். பல் பிடுங்கப் போனால் இம்ப்ளான்ட் இருப்பதைச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதை அவர்கள் பேசி முடிவு செய்வார்கள்.

எந்த ஆஸ்பத்திரியிலாவது சிறுநீர்க் குழாய் போட வந்தால் முதலில் இதைச் சொல்லுங்கள், சிலிண்டரில் இருக்கும் நீரை இறக்கிவிட்டுத்தான் குழாய் போட வேண்டும். மயக்கத்தில் இருந்தால் உங்களால் சொல்ல முடியாது. கருவியோடு கொடுத்த அடையாள அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஒருவருக்காவது அது எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள்.