அரசியல் திரில்லர் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: குண்டுவெடிப்புக்குப் பிறகு நடப்பவை

பயங்கரவாதத்தை மையமாக வைத்து அரசியல் திரில்லர் எழுத முனைவோர் பெரும்பாலும் வெடிபொருளைப் பற்றியும் துப்பாக்கியைப் பற்றியும் மெனக்கெட்டுத் தகவல் திரட்டுகிறார்கள். ஒருவரைக் கைது செய்த மறுநாள் என்ன நடக்கும் என்பதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. இவ்வகைக் கதைகளில் மலிந்துள்ள பிழைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு புறக்கணிப்பிலிருந்தே பிறக்கின்றன. சட்ட நடைமுறை கதையின் வேகத்தைக் கெடுத்துவிடும் என்று எழுத்தாளர் அஞ்சுகிறார். ஆனால் குடிமக்களின் உரிமை பறிபோவதும் மீள்வதும் அந்த நடைமுறையின் சந்துபொந்துகளில்தான் என்பதால், அதைத் தாண்டிக் குதிக்கும் கதை தன் கருப்பொருளையும் சேர்த்தே தாண்டிவிடுகிறது.

எல்லோருக்கும் பழகிப்போன ஒரு காட்சி உண்டு. எங்கோ ஒரு குண்டு வெடிக்கச் சில மணி நேரமே இருக்கிறது. பிடிபட்டவன் வாய் திறக்க மறுக்கிறான். நேர்மையான அதிகாரி வேறு வழியின்றிக் கை வைக்கிறார். அவன் இடத்தைச் சொல்ல, நகரம் தப்புகிறது. குண்டு இருப்பது நிச்சயம், அது இவனுக்குத் தெரியும் என்பது நிச்சயம், அடிபட்டவன் உண்மையைத்தான் சொல்வான் என்பதும் நிச்சயம் என்றால் மட்டுமே இந்தக் காட்சி நிற்கும். நிஜ விசாரணையில் இம்மூன்றும் ஒருசேர அமைவது அரிது. அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ கைதிகளை வதைத்து விசாரித்தது குறித்து அந்நாட்டு செனட்டின் உளவுத்துறைக் குழு 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, அந்த முறைகள் பயனுள்ள தகவலைப் பெற்றுத் தரவில்லை என்றும், வதை தாங்காமல் கைதிகள் கட்டிச் சொன்ன பொய்களும் உண்டு என்றும் முடிவு கூறியது. வதைக் காட்சியை எழுதவே கூடாது என்பது என் கருத்தல்ல. அதிகாரிக்குத் தவறான முகவரி கிடைத்து, அந்த முகவரியில் இருந்த குடும்பம் அள்ளிச் செல்லப்படும் வாய்ப்பையும் எழுதத் துணிந்தவருக்கே அந்தக் காட்சி பொருந்தும்.

இதனோடு ஒட்டிப் பிறந்த தவறு, ஒப்புதல் வாக்குமூலத்தோடு வழக்கு முடிந்துவிட்டதாகக் காட்டுவது. காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு சொன்னது. அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. காவலில் இருப்பவர் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதனோடு தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும். நம் வழக்குகளில் பொருளை எடுத்ததைப் பதியும் ஆவணமான கைப்பற்றல் மகஜரும், அதில் கையெழுத்திட்ட சாட்சிகளும், அவர்கள் பின்னர் மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சி ஆவதும் அவ்வளவு முக்கியம் பெறுவது இதனால்தான். பயங்கரவாத வழக்குகளுக்கான பழைய சிறப்புச் சட்டமான தடா இந்தத் தடுப்பை உடைத்தது: காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்யும் ஒப்புதலே சாட்சியம் என்றது. அதற்குப் பின் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவிலும் அதற்கு வழி இருந்தது. இப்போது நடைமுறையில் உள்ள சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான உபாவில் அது இல்லை. தன் கதை எந்த ஆண்டில், எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கிறது என்று தெரியாமல் வாக்குமூலக் காட்சி எழுதுபவர் இருட்டில் கை துழாவுகிறார்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கு இதற்குப் பாடநூல் போன்றது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொலைக்காகத் தடா நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. தடா சட்டமோ 1995-லேயே காலாவதியாகிவிட்டிருந்தது. 1999 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் இது தடாவின் கீழ் வரும் குற்றமே அல்ல என்று கூறியது. ஆயினும் அதே தடாவின் கீழ் பதிவான ஒப்புதல் வாக்குமூலங்களைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டு, நால்வருக்கு மரண தண்டனையை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாக்கி, 19 பேரை விடுவித்தது. மரண தண்டனை உறுதியான நால்வரில் ஒருவர், கைதானபோது 19 வயதாயிருந்த பேரறிவாளன். பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தது அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அவை எதற்காக என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் வாக்குமூலத்தில் எழுதவில்லை என்று, அதைப் பதிவு செய்த அதிகாரியே ஓய்வு பெற்ற பின் 2013-இல் வெளிப்படையாகக் கூறினார். 2022 மே மாதத்தில்தான் பேரறிவாளன் விடுதலையானார். எழுதாமல் விட்ட ஒரு வாக்கியத்தைவிடப் பெரிய மர்மத்தை எந்தக் கதாசிரியர் கற்பனை செய்துவிட முடியும்?

அடுத்தது காலம் பற்றிய பிழை. மூன்று நாளில் முடியும் கதைக்கு வாசகர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அச்சம் மனிதரை அரைப்பது ஆண்டுக்கணக்கில். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு உபாவில் செய்த திருத்தத்தின்படி, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் கால வரம்பை 180 நாள் வரை நீட்டிக்கலாம். குற்றச்சாட்டு மேலோட்டமாகப் பார்க்கையில் உண்மை என்று நம்ப இடமிருந்தால் ஜாமீன் வழங்கக் கூடாது என்கிறது 43-டி பிரிவு. 2019-இல் வாட்டாலி வழக்கின் தீர்ப்பு, ஜாமீன் கட்டத்தில் சாட்சியத்தை ஆழமாக எடைபோடக் கூடாது என்று கதவை இன்னும் இறுக்கியது. 2021-இல் நஜீப் வழக்கின் தீர்ப்பு, விசாரணை முடிவின்றி நீண்டால் உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் ஜாமீன் தரலாம் என்று சற்றே திறந்தது. இந்த இடைவெளியில் சிக்கியவர்களின் நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பதற்கு, திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளிடையே பணியாற்றிய பாதிரியார் ஸ்டான் சுவாமியின் நிலையைப் பார்க்கலாம். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கிய அவர், தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சுகுழாய் கேட்டு 2020 நவம்பரில் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. அந்த மனுவும் ஏறத்தாழ மூன்று வாரத்திற்குத் தள்ளிப்போயிற்று. ஜாமீனுக்குக் காத்திருந்த நிலையிலேயே 2021 ஜூலை 5 அன்று அவர் இறந்தார். இப்படிப்பட்ட விவரத்தை ஒதுக்கிவிட்டுக் கார் துரத்தலுக்குப் பத்துப் பக்கம் ஒதுக்குவது எழுத்தாளரின் தேர்வுக் குறையே தவிர, வாசகரின் பொறுமைக் குறை அல்ல.

அமைப்புகளைக் குழப்புவது சிறிய தவறுதான், ஆனால் கதையின் நம்பகத்தன்மையை உடனே குலைத்துவிடும். உளவுத்துறையான ஐபி-க்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. அது தகவல் தரும், கைது செய்வது மாநிலக் காவல்துறையோ தேசியப் புலனாய்வு முகமையான என்ஐஏ-வோதான். தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு நீதிபதியிடம் அனுமதி வாங்கும் காட்சியும் அமெரிக்கத் தொடர்களிலிருந்து ஒட்டிக்கொண்டதுதான். இங்கே ஆணையிடுபவர் மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலர். அந்த ஆணைகளை மறுபார்வையிடும் குழுவில் இருப்போரும் அரசுச் செயலர்களே, நீதிபதி எவரும் இல்லை. ஓர் ஆணை 60 நாள் செல்லும், நீட்டித்தால் 180 நாளுக்கு மேல் போகாது. அரசு தன்னைத் தானே கண்காணித்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில் இருக்கும் நாடகம், கணினித் திரையில் பச்சை எழுத்து ஓடும் காட்சியில் இல்லை.

அரசியல் திரில்லர் என்ற பெயரில் அரசியலையே விட்டுவிடுவதும் உண்டு. வில்லனாக ஓர் அமைச்சர், நல்லவராக ஓர் அதிகாரி என்று வைத்துவிட்டால் அரசியல் ஆகிவிடாது. அச்சத்தின்போது நிறைவேறும் சட்டம் பிறகு யார் கைக்குப் போகிறது என்பதே இங்கு அரசியல். 2002 மார்ச்சில் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தைக் கூட்டிப் பொடாவை நிறைவேற்றிய கூட்டணியில் மதிமுக இருந்தது. அதே ஆண்டு ஜூலையில், திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக அக்கட்சியின் பொதுச்செயலாளர் வைகோ தமிழக அரசால் அதே பொடாவில் கைது செய்யப்பட்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். புனைவில் எழுதினால் செயற்கைத் திருப்பம் என்று வாசகர்கள் ஏசியிருப்பார்கள்.

பாத்திரங்களின் பெயரையும் மதத்தையும் மொழியையும் கொண்டே குற்றவாளியைச் சுட்டுவது சோம்பேறித்தனம். அதைச் சமன்செய்ய அதே சமூகத்தில் ஒரு தேசபக்தரை நிறுத்துவது அதைவிடப் பெரிய சோம்பேறித்தனம். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் உயிரிழந்தார்கள். அந்த வழக்கில் பலர் தண்டிக்கப்பட்டார்கள். கேரள அரசியல்வாதி அப்துல் நாசர் மதானி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த பின் 2007-இல் அந்த வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். இறந்தவர்களும் தண்டிக்கப்பட்டவர்களும் விடுவிக்கப்பட்டவர்களும் ஒரே வழக்குக் கட்டுக்குள் இருக்கிறார்கள். கதையில் இவர்களில் ஒரு தரப்புக்கு மட்டும் முகம் கொடுத்தால் அது பிரச்சாரமாகிவிடும்.

இதன் மறுமுனையில், எல்லாக் குண்டும் அரசே வைத்தது என்று முடிக்கும் கதைகள் இருக்கின்றன. அரசை எல்லாம் வல்லதாகக் காட்டும் இந்தச் சதிக்கதை, அநீதி பெரும்பாலும் எப்படி நிகழ்கிறது என்பதை மறைத்துவிடுகிறது. 2002 செப்டம்பரில் குஜராத்தின் அக்ஷர்தாம் கோயிலில் 30-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட வழக்கில், பொடா நீதிமன்றம் 2006-இல் மூவருக்கு மரண தண்டனை விதித்தது. தண்டிக்கப்பட்ட ஆறு பேரையும் உச்ச நீதிமன்றம் 2014 மே 16 அன்று, மக்களவைத் தேர்தல் முடிவு வெளியான அதே நாளில், விடுவித்தது. வழக்குத் தொடர அளிக்கப்பட்ட அரசு அனுமதியே சிந்தனையின்றி வழங்கப்பட்டது என்றும் கூறியது. படிக்காமல் போட்ட கையெழுத்துக்குச் சதி எதுவும் தேவைப்படுவதில்லை.

பலரும் இத்தகைய விடுதலையைக் கதையின் முடிவாக வைக்கிறார்கள். அக்ஷர்தாமில் தாக்கிய இருவரும் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பின்னாலிருந்து திட்டமிட்டதாகத் தண்டிக்கப்பட்டவர்கள் விடுதலையான பிறகு, திட்டமிட்டது யார் என்ற கேள்வி உறவினரை இழந்த குடும்பங்களுக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. தீர்ப்பு வாசிக்கும் காட்சியோடு நிறுத்த எண்ணுபவர், அந்தக் குடும்பங்களுக்காக அதற்குப் பிறகும் ஓர் அத்தியாயம் எழுத வேண்டியிருக்கும்.