ஸோனிங்: டிஸ்க் தெரிந்ததும் மறந்துபோகும் தவறுகள்

புது சர்வரை ஃபைபர் சேனல் (சர்வரையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் தனி நெட்வொர்க்) ஸ்விட்சில் செருகி, ஸோன் போட்டு (எந்தச் சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்று ஸ்விட்சில் குழு அமைத்து), சர்வரில் டிஸ்க் தெரிந்துவிட்டால் டிக்கெட்டை மூடிவிடுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். சிக்கல் என்னவென்றால், ஸோனிங் தவறுகள் பல அன்றைக்கே மாட்டுவதில்லை. மாதக்கணக்கில் சமர்த்தாக இருந்துவிட்டு, ஸ்டோரேஜுக்கு ஃபர்ம்வேர் ஏற்றும் இரவில் பல்லிளிக்கும்.

பாதை எண்ணிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்வரில் 2 எச்பிஏ (ஃபைபர் சேனல் கார்டு) போர்ட், ஃபேப்ரிக் ஏ-வில் ஒன்று, பி-யில் ஒன்று. ஃபேப்ரிக் என்பது ஒன்றோடொன்று இணைந்த ஸ்விட்சுகளின் நெட்வொர்க்; ஏ-வும் பி-யும் தனித்தனி. ஒவ்வொரு எச்பிஏ போர்ட்டுக்கும் ஸ்டோரேஜின் இரண்டு கன்ட்ரோலரிலிருந்தும் ஒரு போர்ட் கொடுத்தால் மொத்தம் 4 பாதை. யாரோ அவசரத்தில் முதல் கன்ட்ரோலரின் போர்ட்டுகளை மட்டும் ஸோனில் போட்டுவிட்டாலும் டிஸ்க் தெரியும், டேட்டாபேஸ் ஓடும். ஃபர்ம்வேர் ஏற்றும்போது அந்தக் கன்ட்ரோலர் ரீபூட் ஆகும் நிமிடத்தில் டிஸ்க் காணாமல் போகும். ஸோன் போட்டதும் சர்வரின் மல்டிபாத் (ஒரே டிஸ்க்குக்கான பல பாதைகளையும் கையாளும் மென்பொருள்) பட்டியலில் எத்தனை பாதை என்று மட்டும் பார்க்காமல், எந்தக் கன்ட்ரோலர் வழியாக வருகிறது என்றும் பாருங்கள்.

அதே காரணத்துக்காக, இரண்டு ஃபேப்ரிக்கிலும் ஒரே மூச்சில் மாற்றம் செய்யாதீர்கள். ஏ-வில் மாற்றி, சர்வரில் பாதைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பி-க்குப் போகலாம்.

ஐபிஎம் பவர் சர்வர் உள்ள இடங்களில் அடிக்கடி நடப்பது இன்னொன்று. எல்பார் (பவர் சர்வரைப் பிரித்து உருவாக்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்றுக்கு விர்ச்சுவல் ஃபைபர் சேனல் அடாப்டர் உருவாக்கினால், பவர் சர்வர்களை நிர்வகிக்கும் கன்சோலான எச்எம்சி அதற்கு இரண்டு டபிள்யூடபிள்யூபிஎன் (போர்ட்டின் தனி அடையாள எண்) கொடுக்கும். சாதாரண நாளில் ஒன்றுதான் ஸ்விட்சில் லாகின் ஆகியிருக்கும். இன்னொன்று, எல்பாரை ஓடும் நிலையிலேயே வேறு சர்வருக்கு நகர்த்தும்போது தேவைப்படும். லாகின் ஆகாததால் ஸ்விட்சின் பட்டியலில் அது தெரியாது. பட்டியலிலிருந்து கிளிக் செய்தே ஸோன் போட்டுப் பழகியவர்கள் அதை விட்டுவிடுவார்கள். நகர்த்தும் நாள் வரும்வரை யாருக்கும் தெரியாது. அன்றைக்குச் சரிபார்ப்புக் கட்டத்திலேயே பிழை வந்து நிற்கும். இரண்டாவது எண்ணை எச்எம்சியில் பார்த்துக் கையால் தட்டச்சு செய்து ஸோனில் சேருங்கள், ஸ்டோரேஜில் உள்ள ஹோஸ்ட் விவரத்திலும் சேருங்கள்.

நெட்ஆப் ஸ்டோரேஜின் மென்பொருளான ஆன்டேப்பில் இதற்கு நேர்மாறு. கன்ட்ரோலரின் இயற்பியல் போர்ட்டும் லாகின் ஆகியிருக்கும், அதன் எண்ணும் பட்டியலில் தெரியும். ஆனால் ஸோனில் போட வேண்டியது லிஃப்பின் (அந்தப் போர்ட்டின் மேல் அமைக்கும் மெய்நிகர் இடைமுகம்) டபிள்யூடபிள்யூபிஎன். மாற்றிப் போட்டால் லன் (ஸ்டோரேஜ் சர்வருக்குக் கொடுக்கும் டிஸ்க்) வரவே வராது. உடனே தெரிந்துவிடும் தவறு என்பதால் இதை நல்ல வகையில் சேர்க்கலாம்.

பத்து சர்வரையும் ஸ்டோரேஜையும் ஒரே ஸோனில் கொட்டிவைப்பது பழைய கெட்ட பழக்கம். ஸோனில் ஒரு சர்வர் ரீபூட் ஆனால், ஆள் போனது வந்தது பற்றி ஸ்விட்ச் மற்ற உறுப்பினர்களுக்கும் தகவல் அனுப்பும். சம்பந்தமே இல்லாத சர்வர்களின் எச்பிஏக்களும், யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலை வைத்திருக்கும் ஸ்விட்சின் நேம் சர்வரிடம் மறுபடி விசாரிக்கக் கிளம்பும். ஒரு ஸோனுக்கு ஒரு இனிஷியேட்டர் (சர்வர் பக்கத்துப் போர்ட்) என்பதே பாதுகாப்பு. ஸோன் எண்ணிக்கை பெருகுகிறதே என்றால் பிரோகேட் ஸ்விட்சில் பியர் ஸோனிங், சிஸ்கோ ஸ்விட்சில் ஸ்மார்ட் ஸோனிங் இருக்கிறது: எது இனிஷியேட்டர், எது டார்கெட் (ஸ்டோரேஜ் பக்கத்துப் போர்ட்) என்று சொல்லிவிட்டால், இனிஷியேட்டர்கள் ஒன்றையொன்று பார்க்காது.

ஸோன் போட்டாயிற்று, லன் மாஸ்கிங் (எந்த லன் எந்தச் சர்வருக்கு என்று ஸ்டோரேஜில் வரையறுப்பது) எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸோனிங் தெருவைத் திறந்துவிடுகிறது. எந்த வீட்டுக்குள் நுழையலாம் என்பது மாஸ்கிங்கின் வேலை. மாஸ்கிங் தளர்வாக இருந்தால் லினக்ஸ் சர்வரின் லன் விண்டோஸ் சர்வருக்கும் தெரியும். டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்ததும் இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்கக்கூடும். ஓகே அழுத்த ஒரு புது ஆள் போதும்.

சிஸ்கோவின் ஃபைபர் சேனல் ஸ்விட்சான எம்டிஎஸ்ஸில் ஒரு நுட்பமான பள்ளம் உண்டு. சாதாரண ஸோனிங் முறையில், செயலில் உள்ள ஸோன்செட் (ஸோன்களின் தொகுப்பு) மட்டுமே மற்ற ஸ்விட்சுகளுக்குப் போகும். முழு ஸோன் டேட்டாபேஸ் போகாது. நீங்கள் ஒரு ஸ்விட்சில் ஸோன் சேர்த்து ஆக்டிவேட் செய்வீர்கள். அடுத்த வாரம் சக ஊழியர் வேறொரு ஸ்விட்சில் நுழைந்து, அங்கே கிடக்கும் பழைய பிரதியைத் திருத்தி ஆக்டிவேட் செய்வார். உங்கள் ஸோன்கள் போயே போச்சு! முழு டேட்டாபேஸையும் பரப்பும் அமைப்பை அந்த விசானில் (ஸ்விட்சுகளுக்குள் பிரித்த மெய்நிகர் ஃபேப்ரிக்) இயக்கிவையுங்கள், அல்லது என்ஹான்ஸ்டு ஸோனிங்குக்கு மாறுங்கள்.

பிரோகேடில் பயம் வேறு மாதிரி. டிஃபால்ட் ஸோன் (எந்த ஸோனும் செயலில் இல்லாதபோது பொருந்தும் விதி) எல்லாருக்கும் அனுமதி என்று இருக்கும்போது, செயலில் உள்ள ஸோன் கான்ஃபிகை முடக்கினால் எல்லாரும் எல்லாரையும் பார்ப்பார்கள். அதை நோ ஆக்சஸ் என்று முதலிலேயே மாற்றிவிடுவது நல்லது. வேறு இடத்திலிருந்து வந்த பழைய ஸ்விட்சை இணைப்பதற்கு முன்னும் அதிலுள்ள ஸோன்களைத் துடைத்துவிடுங்கள். அதே பெயரில் வேறு உறுப்பினர்கள் இருந்தால் ஃபேப்ரிக் ஒன்றுசேராமல் பிரிந்தே நிற்கும்.

கழற்றிய சர்வர்களின் ஸோன்களைப் பெரும்பாலும் யாரும் நீக்குவதில்லை. ஸோனில் இருப்பது கார்டின் எண். சர்வரின் பெயர் இல்லை. பழைய எச்பிஏவை எடுத்து டெஸ்ட் சர்வரில் செருகினால், ஸ்டோரேஜிலும் ஹோஸ்ட் விவரம் நீக்கப்படாமல் இருக்கும் பட்சத்தில், புரொடக்‌ஷன் லன்கள் அங்கே வந்து நிற்கும். சர்வரைக் கழற்றும் டிக்கெட்டிலேயே ஸோன், ஏலியஸ் (டபிள்யூடபிள்யூபிஎன்னுக்கு வைத்த பெயர்), ஹோஸ்ட் விவரம் மூன்றையும் நீக்கும் வரிகளைச் சேர்த்துவிடுங்கள்.