ஜெர்மனியில் படிப்பை முடித்துச் சென்னை திரும்புமுன்: கடைசி ஆறு வாரங்களில் செய்ய வேண்டியவை

ஜெர்மனியில் முதுகலைப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கும் பிள்ளைகள், மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என்னைத் தொலைபேசியில் அழைத்ததும் முதலில் கேட்பது, "அக்கா, எத்தனை கிலோ கொண்டுவரலாம்?" என்பதுதான். பெட்டி கட்டுவது கடைசி இரண்டு நாள் வேலை. அதற்கு முந்தைய ஆறு வாரங்களில் எதை முதலில் செய்வது என்று முடிவு செய்ய, ஒவ்வொரு வேலையைப் பற்றியும் ஒன்றைக் கேட்டுக்கொண்டால் போதும்: இதற்கு நான் நேரில் நிற்க வேண்டுமா, மையிட்ட என் கையெழுத்து வேண்டுமா, அல்லது என் பெயர் எழுதிய தபால்பெட்டி வேண்டுமா? மூன்றில் ஒன்றுக்கேனும் ஆம் என்ற பதில் வந்தால், அந்த வேலை பட்டியலின் தலைக்குப் போக வேண்டும். அங்கே அரை மணி நேரத்தில் முடிகிற காரியம், சென்னையிலிருந்து செய்யப் புகுந்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

தபால்பெட்டியை ஏன் சேர்த்தேன் என்பதற்கு என் அனுபவமே காரணம். ஆய்வேட்டை ஆகஸ்டில் ஒப்படைத்துவிட்டு, மதிப்பெண் வருவதற்குள் செப்டம்பர் இறுதியில் நான் கிளம்பிவிட்டேன். பட்டச் சான்றிதழை நவம்பரில் தபாலில் அனுப்பினார்கள், அதுவும் என் பழைய முகவரிக்கு. அந்நாட்டில் தபால்காரர் கதவு எண்ணைப் பார்த்துக் கடிதம் போடுவதில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். என் பெயர்ச்சீட்டு இருந்த இடத்தில் வேறொருவர் பெயர் வந்துவிட்டதால் சான்றிதழ் பல்கலைக்கழகத்துக்கே திரும்பிப் போனது. நண்பரிடம் கொடுக்கும்படி மின்னஞ்சல் அனுப்பினால் அலுவலகம் ஏற்கவில்லை. கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் அசலாக வேண்டும் என்றார்கள். அதை மாம்பலத்தில் எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, நண்பர் போய் வாங்கி, பிறகு அது என் கைக்கு வந்து சேர்ந்தபோது பிப்ரவரி ஆகியிருந்தது. சென்னையில் வேலைக்குச் சேர ஜனவரியிலேயே அசலைக் கேட்டிருந்தார்கள்.

ஆகவே முதல் வேலை, 'ஃபோல்மாக்ட்' எனப்படும் அந்த அதிகாரக் கடிதம். ஒரே பக்கம் போதும். கடவுச்சீட்டில் உள்ளபடி உங்கள் முழுப்பெயர், பிறந்த தேதி, மாணவர் பதிவு எண், உங்கள் சார்பில் வாங்கிக்கொள்ளும் நண்பரின் பெயர், அவர் எதையெல்லாம் பெற்றுக்கொள்ளலாம் என்ற விவரம் ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் எழுதி, மையில் கையெழுத்திட்டு, தேர்வு அலுவலகத்துக்கு ஒன்றும் பிற காரியங்களுக்கு இரண்டுமாக மூன்று படிகளை நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த நண்பர் இன்னும் ஓராண்டாவது அதே ஊரில் இருப்பவராக இருக்க வேண்டும். கூடவே, அஞ்சல் நிறுவனத்திடம் கட்டணம் செலுத்தி, உங்கள் பெயருக்கு வரும் கடிதங்களை அவர் முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டையும் செய்துவிடுங்கள்.

தேர்வு அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய், பட்டத்துக்கான எல்லாத் தேவைகளையும் நிறைவு செய்துவிட்டீர்கள் என்று தேதியிட்டுச் சொல்லும் கடிதத்தை ஆங்கிலத்தில் கேளுங்கள். மதிப்பெண் இன்னும் வராவிட்டால், வந்தவுடன் அந்தக் கடிதத்தை அனுப்பும்படி எழுதிக்கொடுங்கள். சான்றிதழ் வரும்வரை சென்னையில் கைகொடுப்பது அதுதான். மதிப்பெண் பட்டியலை முத்திரையுடன் குறைந்தது நான்கு படிகள், பாடத்திட்டக் கையேடு, படிப்பிலிருந்து விலகியதற்கான எக்ஸ்மெட்ரிகுலேஷன் சான்று ஆகியவற்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அரசு வேலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ விண்ணப்பிக்கும்போது, உங்கள் பட்டம் இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்று சொல்லும் சமநிலைச் சான்றை இங்கே கேட்பார்கள். அப்போது இந்தத் தாள்கள் ஒவ்வொன்றும் தேவைப்படும். சான்றொப்பம் குறித்தும் எச்சரிக்கையாக இருங்கள். ஒரு நாட்டின் தாள் உண்மையானது என்று பிற நாடுகள் ஏற்கும் முத்திரைதான் அப்போஸ்டில். 2005-இல் இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால், வேறு நாட்டில் படித்த நண்பர் 'அப்போஸ்டில் போட்டால் போதும்' என்று சொல்வதை அப்படியே நம்பாமல், பெர்லினில் உள்ள இந்தியத் தூதரகத்திடமோ மியூனிக், பிராங்க்பர்ட், ஹாம்பர்க் துணைத் தூதரகங்களிடமோ உங்கள் தாள்களுக்கு என்ன முத்திரை வேண்டும் என்று கிளம்புமுன் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது வீடு. காலவரம்பில்லாத வாடகை ஒப்பந்தமென்றால் மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டும் என்பதால், இதை மட்டும் இந்த ஆறு வாரங்களுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். அந்தக் கடிதம் மாதத்தின் மூன்றாம் வேலைநாளுக்குள் வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட தாள்தான் செல்லும், மின்னஞ்சல் செல்லாது. மாணவர் விடுதிகளுக்குத் தனி விதிகள் உண்டு என்பதால் உங்கள் ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். நாம் சென்னையில் அட்வான்ஸ் என்று சொல்வதை அங்கே 'கவுட்சியோன்' என்பார்கள்; அது மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகாது, ஆனால் சாவியைக் கொடுத்த அன்றே திரும்பி வந்துவிடவும் செய்யாது. பல மாதங்கள் ஆகலாம். தண்ணீர், வெப்பமூட்டும் செலவுக் கணக்கு முடியும்வரை ஒரு பகுதியை நிறுத்தி வைப்பதும் உண்டு.

அந்தப் பணம் முழுதாகத் திரும்புவது சமையலறையைப் பொறுத்தது என்றே சொல்வேன். நம் பிள்ளைகள் சமைத்த வெள்ளை மேடையில் அடுப்பின் வலப்பக்கம் மஞ்சள் கறை ஒன்று இருந்தே தீரும். கரண்டியை வைத்து எடுத்த இடம் அது. ஒரே நாளில் தேய்த்தால் போகாது. சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, இரண்டு மூன்று நாள் விட்டு விட்டுத் துடைத்தால் மங்கும். வெயில் விழும் இடமென்றால் தானாகவே வெளுக்கும். சுவரில் ஆணி அடித்த துளைகளை வெள்ளைப் பட்டியால் அடைத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேயுங்கள். சாவி ஒப்படைக்கும் நாளில் வீட்டுக்காரரோடு ஒவ்வோர் அறையாகப் பார்த்து, மீட்டர் அளவுகள் உட்பட எல்லாவற்றையும் ஒப்படைப்புப் படிவத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஒரு படியை வாங்கிக்கொள்ளுங்கள். மங்கலான வெளிச்சத்தில் இதைச் செய்யாமல் பகலில் வைத்துக்கொள்வது நல்லது.

நகரப் பதிவு அலுவலகத்தில் முகவரியை நீக்கும் 'அப்மெல்டுங்' அடுத்தது. வீட்டை விட்டு வெளியேறும் நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்து, வெளியேறிய இரண்டு வாரம் வரை இதைச் செய்யலாம். விமானம் ஏறுமுன் செய்து, உறுதிச்சீட்டைக் கையில் வாங்கிவிடுங்கள். மருத்துவக் காப்பீட்டை நிறுத்தவும், வானொலி, தொலைக்காட்சிக்காக வீடு ஒன்றுக்கு மாதம் 18.36 யூரோ பிடிக்கும் ஒலிபரப்புக் கட்டணத்தை நிறுத்தவும் இந்தச் சீட்டைத்தான் கேட்பார்கள். இவை தானாக நிற்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆனால், ஓரிரு மாதம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பிப் போய் வேலை தேடலாம் என்ற எண்ணம் உள்ளவர்கள் அப்மெல்டுங் செய்யுமுன் நிறுத்தி யோசிக்க வேண்டும். பட்டம் பெற்றபின் வேலை தேட 18 மாதம் வரை தங்கும் அனுமதி உண்டு. ஆனால் நாட்டை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தாலோ, நிரந்தரமாக வெளியேறியதாகக் கருதப்பட்டாலோ தங்கும் அனுமதி காலாவதியாகிவிடும். அம்மா அழுதார் என்பதற்காக அவசரப்பட்டு எல்லாவற்றையும் மூடிவிட்டு வந்து, பொங்கலுக்குள் வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வங்கிக் கணக்கை மட்டும் கடைசி வாரத்தில் மூடாதீர்கள். அட்வான்ஸும் வரித் தொகையும் அதில்தான் வரவேண்டும். சென்னை முகவரியை வங்கியிடம் தெரிவித்தால் போதும். பகுதிநேர வேலை பார்த்தவர்கள், பிடித்த வருமான வரியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் அதற்கான வரித்துறை இணையவழிக் கணக்கைத் திறக்கும் குறியீடு தபாலில் வரும் என்பதால் உங்கள் பெயர்ச்சீட்டு பெட்டியில் இருக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். சென்னை வங்கியிலும் ஒரு வேலை இருக்கிறது. வெளிநாட்டில் படித்த காலத்தில் கணக்கை, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியிருந்தால், திரும்பியதைச் சொல்லி மீண்டும் சாதாரணக் கணக்காக்க வேண்டும். கல்விக் கடனின் முதல் தவணை எந்த மாதம் தொடங்குகிறது என்பதையும் அப்போதே எழுத்தில் கேட்டு வாங்கலாம்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அசல் தாள்கள் எல்லாம் கைப்பையில், ஒரே கோப்பில் வர வேண்டும். குளிர்கால மேலங்கி சென்னையில் எந்த மாதத்திலும் பயன்படாது. குக்கர், இட்லித் தட்டு, மிக்ஸி எதையும் திருப்பிக் கொண்டுவராதீர்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் கோடைப் பருவம் செப்டம்பர் 30-இல் முடிந்து குளிர்ப்பருவம் அக்டோபர் 1-இல் தொடங்குவதால், நீங்கள் கிளம்பும் அதே நாட்களில்தான் மீனம்பாக்கத்திலிருந்து புதிய பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். முதல் வாரத்தில் அவர்களுக்குப் பாத்திரம் இருக்காது, அரிசிக் கடை எங்கே என்று தெரியாது. குக்கரின் ரப்பர் வளையத்தைப் புதிதாக மாற்றி, எந்தக் கடையில் பொன்னி அரிசி கிடைக்கும் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்து, மூடியை மூடி அவர்கள் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.