மூன்று ஃபேஸ் கிரைண்டர், ஒற்றை ஃபேஸ் வீடு

காரைக்குடியில் மெஸ்ஸை மூடியவர்களிடம் வாங்கிய டில்டிங் கிரைண்டர்: 1 ஹெச்.பி., மூன்று ஃபேஸ், 415 வோல்ட் ஸ்டார் (மூன்று கம்பிச்சுருள்களின் ஒரு பக்க முனைகளை ஒன்றாக முடிச்சுப் போட்ட இணைப்பு). வீட்டிலோ ஒற்றை ஃபேஸ், 230 வோல்ட்.

ஸ்டாரில் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் (கம்பிச்சுருளுக்கும்) விழுவது 240 வோல்ட்தான். அதனால் டெல்டாவாக (மூன்று வைண்டிங்கையும் முக்கோணமாகக் கோத்த இணைப்பாக) மாற்றினால் மூன்று ஃபேஸ் 230-இல் ஓடும். டெர்மினல் பெட்டியில் ஆறு முனை இருந்தால் பிழைத்தோம், இப்படி இணைக்கலாம்: யு1–டபிள்யூ2, வி1–யு2, டபிள்யூ1–வி2. மூன்றுதான் இருந்தால் வைண்டிங் கடையில் ஸ்டார் முடிச்சைப் பிரித்து ஆறாக எடுக்க வேண்டும். பெயர்த்தகட்டில் ‘415 டெல்டா’ என்றிருந்தால் இந்த வழி ஆகாது.

ஒற்றை ஃபேஸிலேயே ஓட்ட முதலில் 50 மைக்ரோஃபாரட் ரன்னிங் கெபாசிட்டர் போட்டுப் பார்த்தேன். வெறும் கல் சுற்றியது. உளுந்து போட்டதும் உறுமி நின்றது. தொடக்க முறுக்குவிசை போதாது.

சரிப்பட்டது 0.75 கிலோவாட் விஎஃப்டி (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரை ஓட்டும் மின்னணுக் கருவி). ஒற்றை ஃபேஸ் 230 உள்ளே, மூன்று ஃபேஸ் 230 வெளியே. மோட்டார் கரண்ட் அமைப்பில் ஸ்டாருக்கான 1.8 ஆம்பியரை அப்படியே போடாதீர்கள், டெல்டாவில் 3.1. விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச் வைத்து ஓட்டத்தில் அணைத்தால் விஎஃப்டி பழுதாகிவிடலாம். 16 ஆம்பியர் தனி லைன் இழுங்கள். பழைய வளவு வீட்டு மரப்பட்டை ஒயரிங்கை நம்பாமல், எர்த்தைப் புதிதாகவே போடுங்கள்.