கத்திரி வெயிலில் புதுச்சேரி–விருத்தாசலம்: சுமையோடு சைக்கிளில் போகிறவர்களுக்கு

புதுச்சேரியிலிருந்து கடலூர், வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலம் சுமார் 90 கிலோமீட்டர். பெரிய ஏற்றம் கிடையாது. தை மாதத்தில் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். மே மாதக் கத்திரியில் அதே கணக்கில் கிளம்பினால் நெய்வேலிக்கு முன்பே உடம்பு கேட்காது. பயண நாளை இரண்டாக வெட்டுங்கள்: விடியற்காலையில் வடலூர் வரை, சாயங்காலம் மிச்சம்.

4:45-க்கு முன்விளக்கு, பின்விளக்கோடு கிளம்புங்கள். சுமையோடு மணிக்கு 18 கிலோமீட்டர் என்றாலும், கடலூரில் இட்லிக்கு அரை மணி நேரம் போக, 9 மணிக்குள் வடலூர். கரையோரத்தில் மதியம் கடல்காற்று எழுந்தால் சூடு கொஞ்சம் இறங்கும். உள்ளே அது வந்துசேர நேரமாகும்; மேற்கிலிருந்து காற்று பலமாக அடிக்கிற நாளில் இன்னும் தாமதம். ஆகவே 10 முதல் 3:30 வரை வண்டியைத் தொடவே வேண்டாம். வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமசாலை வடலூரில்தான் இருக்கிறது. பசியோடு வருகிற யாருக்கும் அங்கே சோறு உண்டு. அளவாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள்.

சாயங்காலம் கடல்காற்று முதுகில் தள்ளும். வேகம் கூடும், ஆனால் முகத்தில் காற்று படாது. வியர்வை ஆவியாகாமல் சொட்டும், உடம்பு குளிராது. சுகமாக ஓடுகிற இந்த நேரத்தில்தான் பலர் தண்ணீரை மறக்கிறார்கள்.

தண்ணீர்க் கணக்கு: 15 நிமிடத்துக்கு 150 முதல் 200 மில்லி. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதற்காக வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றுவதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலியும் குமட்டலும் வரும். ஒரு பாட்டிலில் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்), இன்னொன்றில் வெறும் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். பின்னது தலையில் ஊற்றிக்கொள்ளவும் ஆகும். மருந்துக்கடையில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்ட தூளையே கேளுங்கள். பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை அப்படியே 750 மில்லி பாட்டிலில் கொட்டினால் உப்பு மிகுந்து குமட்டும். அந்தப் பாட்டிலுக்குச் சின்னது 3 போதும். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். அதனால் இளநீரை மட்டும் நம்பாதீர்கள். உப்புப் போட்ட மோரும், மோர்மிளகாயோடு கம்பங்கூழும் இந்த வெயிலுக்கு அதைவிட மேல். நுங்கு கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்தது புழுதி. சாலை வேலை நடக்கும் இடங்களிலும், லாரி போகும் நெய்வேலிப் பக்கச் செம்மண்ணிலும் மூக்கு, கண், செயின் மூன்றும் மாட்டும். ஈரக் கைக்குட்டையை மூக்கை மூடிக் கட்டுங்கள்; பக்கவாட்டிலும் மறைக்கிற கண்ணாடி போடுங்கள். செயினில் கெட்டி எண்ணெய் இருந்தால் மண் அதில் ஒட்டி அரைபசையாகிவிடும். செயினும் பல்சக்கரமும் சேர்ந்து தேயும். முதல்நாள் ராத்திரியே பழைய வேட்டித் துணியால் துடைத்து, ஒவ்வொரு உருளையிலும் மெழுகு கலந்த டிரை லூப் (மண் ஒட்டாத செயின் எண்ணெய்) ஒரே ஒரு சொட்டு விடுங்கள். பெடலைப் பின்பக்கமாக இருபது சுற்றுச் சுற்றி, காயவிட்டு, வெளிப்பக்கத்தை வறண்டு போகுமளவு துடையுங்கள். தொட்டால் விரலில் கறுப்பு அப்பக்கூடாது. சக்கர விளிம்பைக் கவ்வும் ரிம் பிரேக் என்றால் பிரேக் கட்டையில் பதிந்த மணலை ஊசியால் கிள்ளி எடுங்கள்; விட்டால் ரிம்மில் கோடு விழும்.

வெயிலில் டயர் வெடிக்கும் என்று காற்றை இறக்குகிறவர்கள் உண்டு. தேவையில்லை. காலை 25 டிகிரியில் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்தது, டயர் 55 டிகிரிக்குச் சூடானாலும் 68-ஐத் தாண்டாது. டயரில் அச்சிட்ட உச்ச அளவுக்குக் கீழே இருந்தால் சரி. உண்மையான எதிரி சீமைக்கருவேல முள். நிழலுக்காகத் தார்ச்சாலையை விட்டு இறங்கும்போது உருட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். பஞ்சரானால் டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் தடவுங்கள்; துணி மாட்டுகிற இடத்தில் முள்முனை இருக்கும். அதை எடுக்காமல் மாட்டும் புது டியூபும் பத்து நிமிடத்தில் போய்விடும். நிழலில் உட்கார்ந்து ஒட்டுங்கள்: உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகப் பூசி, பளபளப்பு போய் மங்கின பிறகே பேட்சை அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே வைத்த பேட்ச் டியூப் சூடேறியதும் நழுவும்.

வெயிலில் தோல் புல்லரித்தாலோ, கெண்டைக்கால் இழுத்தாலோ உடனே இறங்கி நிழலுக்குப் போங்கள், உப்புச் சேர்ந்ததைக் குடியுங்கள். கூட வருகிறவர் பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). வியர்வை வந்துகொண்டிருந்தாலும் அப்படித்தான். 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.