ஆப்பும் வெந்நீரும்: கருமருந்து ரிவால்வரைப் பேணுவது

என்னிடம் இருப்பது கோல்ட் நிறுவனத்தின் 1851 நேவி ரிவால்வரின் நகல், .36 காலிபர் (குழல் துளை சுமார் 0.36 அங்குலம்). அதைக் கழற்றிக் கழற்றிக் கற்றதைத்தான் எழுதுகிறேன். கைவைக்கும் முன் நிப்பிள்களில் (சிலிண்டரின் பின்புறம் உள்ள சிறு குழாய்கள்) கேப் (ஹாமர் என்னும் சுத்தி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இல்லை, சிலிண்டரின் ஆறு அறைகளும் காலி என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். அப்புறம், இந்தத் துப்பாக்கிக்குக் கருமருந்து அல்லது அதற்கு மாற்றாக விற்கும் மருந்து மட்டும்தான். புகையில்லா மருந்தைப் போட்டால் சிலிண்டர் கையிலேயே வெடிக்கும்.

இந்தக் கோல்ட் வகையில் சிலிண்டருக்கு மேலே சட்டத்தின் பட்டை கிடையாது. குழலைச் சட்டத்தோடு பிடித்து வைப்பது நடுத்தண்டும் அதன் குறுக்கே செருகும் சின்ன ஆப்பும்தான். புதிதில் என்னுடையது பாடாய்ப் படுத்தியது. ஆப்பைச் சற்று ஆழமாக அடித்தால் சிலிண்டர் இறுகிக்கொள்ளும், இளக்கினால் குழல் ஆடும். தண்டின் நுனி, குழலடியில் இருக்கும் துளையின் அடிவரை போய் முட்டாததுதான் காரணம்.

உங்களுடையதையும் சோதித்துப் பாருங்கள். சிலிண்டரை எடுத்துவிட்டு, குழலைப் பக்கவாட்டில் திருப்பி, தண்டில் முட்டும்வரை தள்ளுங்கள். குழலின் அடிப்பாகமும் சட்டத்தின் முகமும் ஒரே கோட்டில் நின்றால் நல்லது. அடிப்பாகம் அந்தக் கோட்டைத் தாண்டி வந்தால், தாண்டிய அளவுக்குத் தண்டு குட்டை. மெல்லிய எஃகு வாஷரைத் தேய்த்துத் துளைக்குள் போட்டு, திரும்பத் திரும்பப் பொருத்திப் பார்க்க வேண்டும். எனக்கு ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. இப்போது ஆப்பு கட்டைவிரலுக்கே இறங்குகிறது, மரச்சுத்தியால் ஒரு தட்டு போதும். எவ்வளவு அழுத்தினாலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி மாறுவதில்லை.

அடுத்தது நிப்பிள். ஹாமர் இறங்கி நிற்கும்போது நிப்பிளுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மெல்லிய காகிதம் நழுவி வர வேண்டும். பிடித்துக்கொண்டால் ஹாமர் நிப்பிளின் தலையை நசுக்குகிறது என்று பொருள். ஹாமரைத் தொடாதீர்கள். நிப்பிளைத்தான் மயிரிழை தேய்க்க வேண்டும், ஏனென்றால் அதை மாற்றுவது எளிது. கேப் இல்லாமல் விசையை இழுத்து விளையாடவும் கூடாது.

சுட்ட அன்றே கழுவிவிடுங்கள். கருமருந்து எரிந்ததில் பாதிக்கும் மேல் திடக் கசடாகவே தங்கிவிடும். அது காற்றின் ஈரத்தை இழுக்கும், மறுநாளே துரு தெரியும். மரப்பிடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குழல், சிலிண்டர், நிப்பிள் எல்லாவற்றையும் சோப்பு கலந்த வெந்நீரில் போட்டுத் தேய்ப்பேன். கடைசியாகக் கொதிக்கும் நீரை ஊற்றினால் இரும்பு சூடாகித் தானே உலரும். சூடு ஆறுவதற்குள் எண்ணெய் பூச வேண்டும். நிப்பிள் மரைகளில் கொஞ்சம் கிரீஸ் வைத்தால்தான் அடுத்த முறை நிப்பிளைக் கழற்றும் சாவிக்கு இளகும்.

சுடும்போது தண்டுக்குப் போட தேன்மெழுகும் மாட்டுக்கொழுப்பும் கலந்த பசையே நல்லது. பெட்ரோலிய எண்ணெய் கசடோடு சேர்ந்து தார்போல் இறுகிவிடும்.

உள்ளே சிலிண்டரைச் சுழற்றும் ‘கை’ என்ற உறுப்புக்கு ஒரு மெல்லிய பட்டை ஸ்பிரிங் உண்டு. உடைவது பெரும்பாலும் அதுதான், ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். திருகுகளுக்கு, காடியில் இடைவெளியின்றி உட்காரும் நுனியுள்ள திருப்புளியை மட்டும் எடுங்கள். என் துப்பாக்கியின் இடப்பக்கத் திருகு ஒன்றில் பொருந்தாத திருப்புளி முன்பு வழுக்கிய கீறல் இன்னும் இருக்கிறது.